நின்று விளையாடுபவர்களும் நிற்க வைக்கப்படுபவர்களும்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய வணிகக்குறி இதழில் ஒரு சிறு அறிவிப்பு வெளியானது. ‘கேப்டன் கூல்’ என்ற பட்டப்பெயரைத் தமக்குரிய வணிகக்குறியாகப் பதிவுசெய்யுமாறு மகேந்திர சிங் தோனி அளித்திருந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டு, ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று அதில் வெளியிடப்பட்டிருந்தது. எல்லோரும் பதறும் வேளையில் பதறாமல் நிற்கும் குணம், சட்டப்படி காப்பாற்றிக்கொள்ள வேண்டிய சொத்தாக மாறிவிட்டது என்பதை அந்த அறிவிப்பு உணர்த்தியது.

தோனியை ‘தல’ என்று கொண்டாடும் மதுரை இளைஞர்களிடம் இன்னோர் ஆங்கிலச் சொல்லும் இன்று தாராளமாகப் புழங்குகிறது. அது ‘கிளட்ச்’. கைப்பேசியில் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளில், தன் அணியினர் அனைவரும் வீழ்ந்தபின் எஞ்சிய ஒருவர் எதிரணியின் நால்வரையும் தனியாக வீழ்த்திவிட்டால், அவர் ‘கிளட்ச் பண்ணிவிட்டார்’ என்கிறார்கள். கடைசி ஓவரில் ஆட்டத்தை முடித்துக்கொடுப்பவர் ‘ஃபினிஷர்’. நெருக்கடியில் முகம் மாறாதவர் ‘கூல்’. ஆங்கில வர்ணனையாளர்கள் அத்தகையவரை எஃகு நரம்பு படைத்தவர் என்பார்கள்; நாளங்களில் இரத்தத்துக்குப் பதில் பனிக்கட்டி ஓடுகிறது என்பார்கள்; வெள்ளரிக்காய் போலக் குளிர்ந்தவர் என்பார்கள். அதே தருணத்தில் தடுமாறுபவருக்கு ‘சோக்கர்’ என்ற இழிபெயர் காத்திருக்கிறது.

இந்தச் சொற்கள் விளையாட்டுத் திடலோடு நின்றிருந்தால், அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டிய தேவை இருந்திராது. அவை திடலைத் தாண்டி அலுவலகங்களுக்குள்ளும் மருத்துவமனைகளுக்குள்ளும் கடைவீதிகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. ‘அழுத்தத்தைத் தாங்கிப் பணியாற்றும் திறன் அவசியம்’ என்ற வரி இல்லாத வேலைவாய்ப்பு விளம்பரத்தைக் காண்பது இன்று அரிது. அழுத்தத்தைத் தாங்குபவரைப் புகழ்வதில் தவறில்லை. ஆனால், அந்த அழுத்தத்தை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வியை அப்புகழ்ச்சி மறைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

சொற்கள் பிறந்த கதை: இந்தச் சொற்களின் வரலாறே நமக்கு ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. இறுகப் பற்றுதல் என்ற பொருளுடைய ‘கிளட்ச்’, அமெரிக்க பேஸ்பால் விளையாட்டைப் பற்றி எழுதிய செய்தியாளர்கள் வழியாக ‘இக்கட்டான தருணம்’ என்ற பொருளில் பரவியது. வெள்ளரிக்காய் உவமையை 18ஆம் நூற்றாண்டிலேயே ஜான் கே என்ற ஆங்கிலக் கவிஞர் எடுத்தாண்டிருக்கிறார். ‘கூல்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் இசைக் கலைஞர்கள். குறிப்பாக, சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பெயரை இதில் குறிப்பிடுவார்கள். நிறவெறி தலைவிரித்தாடிய ஒரு சமூகத்தில், அவமதிப்பு நேரும்போது முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அவர்களுக்கு ஒரு தற்காப்பு. அவர்கள் குளிர்ந்து இருந்ததைப் பாராட்டிய உலகம், அவர்களைச் சுற்றி மூட்டப்பட்டிருந்த தீயைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

இன்று தேநீர்க் கோப்பைகளிலும் பனியன்களிலும் அச்சாகி விற்கும் ‘அமைதி காத்து, கடமையைத் தொடருங்கள்’ என்ற பிரிட்டன் வாசகத்தின் கதை இன்னும் சுவையானது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டு பிரிட்டன் அரசு இச்சுவரொட்டியை இலட்சக்கணக்கில் அச்சிட்டது. ஆனால், மக்கள் பார்வைக்கு அது பெரும்பாலும் வரவே இல்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு படி கண்டெடுக்கப்பட்ட பிறகே அது உலகப் புகழ் பெற்றது. அதே தொகுப்பில் உண்மையாகவே சுவரேறிய மற்றொரு சுவரொட்டி, ‘உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி எங்களுக்கு வெற்றி தரும்’ என்ற பொருள்பட இருந்தது. துணிவு உங்களுடையது, வெற்றி எங்களுடையதா என்று மக்கள் முகம் சுளித்தார்கள். நெருக்கடியைத் தாங்கச் சொல்லும் ஒவ்வொரு புகழுரையிலும் கேட்க வேண்டிய கேள்வியை அன்றே அவர்கள் கேட்டுவிட்டார்கள்.

மதுரையின் சொல்: இந்த ஆங்கிலச் சொற்களுக்கு இணையாக மதுரை மண்ணிலும் சொற்கள் உண்டு. ‘தில்’, ‘கெத்து’, ‘அசராத ஆள்’ என்பவை அன்றாடப் பேச்சில் உள்ளவை. பதறாத காரியம் சிதறாது என்பது வீட்டுப் பெரியவர்கள் வாயில் வரும் பழமொழி. ஆனால், ‘கிளட்ச்’ என்பதற்கு மிக நெருக்கமான சொல்லாக நான் கருதுவது ‘நின்று விளையாடுதல்’ என்ற தொடரைத்தான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளின் வர்ணனையில் இதை ஆண்டுதோறும் கேட்கிறோம். வாடிவாசலிலிருந்து வெளிவந்த காளை ஓட்டமெடுக்காமல் களத்திலேயே நின்று, சூழ்ந்து வரும் வீரர்களை நெருங்கவிடாமல் போக்குக்காட்டினால், அது நின்று விளையாடுகிறது. இன்று கிரிக்கெட் வீரரும் அரசியல்வாதியும்கூட நின்று விளையாடுகிறார்கள். ஆனால், களத்தில் அச்சொல் முதன்மையாக மனிதருக்கு உரியதன்று; மாட்டுக்கு உரியது.

ஜல்லிக்கட்டுக் களத்தின் நடைமுறையை உற்றுநோக்கினால், அழுத்தத்தைப் பற்றி அந்தக் களம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது புரியும். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விதிகள் இறுக்கப்பட்டுள்ளன. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாடுபிடி வீரர்கள் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே களத்துக்கு அனுமதிக்கப்படுகிறார்கள். சுற்று சுற்றாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி நிறச் சீருடையில் இறக்கப்படுகிறார்கள். திமிலை மட்டுமே பற்ற வேண்டும். வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது. தரையில் தென்னை நார்க் கழிவு பரப்பப்படுகிறது. இருபுறமும் இரட்டைத் தடுப்பு, அருகிலேயே மருத்துவக் குழு, வாசலில் ஆம்புலன்ஸ். காயம்பட்டவர் எவ்வளவு பெரிய வீரரானாலும் வெளியேற்றப்படுவார்.

ஆக, அந்தக் களத்தின் நெருக்கடிக்கு மூன்று பண்புகள் உண்டு. வீரர் அதைத் தாமே விரும்பி ஏற்கிறார். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அவரைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் உண்டு. இவ்வளவு இருந்தும் உயிரிழப்புகள் நேர்கின்றன. 2023 பொங்கலின்போது பாலமேட்டில், காளைகள் பலவற்றைப் பிடித்து முன்னணியில் இருந்த ஓர் இளைஞரே மாடு முட்டி இறந்துபோனார். துணிவுக்குப் பேர்போன களமே துணிவை மட்டும் நம்பி நடப்பதில்லை. துணிவு தோற்கக்கூடும் என்ற எதிர்பார்ப்போடுதான் அது கட்டமைக்கப்பட்டிருக்கிறது. இந்த மூன்று பண்புகளும் நம் பணியிடங்களில் உள்ளனவா என்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குணமா, பயிற்சியா?: நெருக்கடியில் ஒளிர்வது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த தனிக்குணம் என்ற நம்பிக்கைதான் இந்தச் சொற்களுக்கெல்லாம் அடிப்படை. இந்த நம்பிக்கையைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு சோதித்தவர் ரிச்சர்ட் கிரேமர் என்ற அமெரிக்க ஆய்வாளர். பேஸ்பாலில் ‘கிளட்ச்’ மட்டையாளர் என்ற இனம் உண்மையிலேயே உண்டா என்று கேட்டு 1977இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1969ஆம் ஆண்டு ஆட்டங்களில் இக்கட்டான தருணங்களில் மின்னியவர்கள், 1970ஆம் ஆண்டும் அதேபோல் மின்னினார்களா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். தொடர்ச்சி எதுவும் தென்படவில்லை. அதாவது, கடினமான வேளையில் நன்றாக ஆடுபவர்கள் பெரும்பாலும் எல்லா வேளையிலும் நன்றாக ஆடுபவர்கள்தாம். பின்னாளில் வந்த சில ஆய்வுகள் சிறிய அளவில் வேறுபாடு இருக்கலாம் என்று கூறினாலும், ‘இக்கட்டில் மட்டும் எழும் மாவீரர்’ என்ற படிமம் புள்ளிவிவரங்களின் முன் பெரிதும் சுருங்கிப்போனது.

உளவியலும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1908ஆம் ஆண்டில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகிய இருவர் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். தவறான வழியைத் தேர்ந்தெடுக்கும் எலிக்கு மின் அதிர்ச்சி தரப்பட்டது. எளிய பணியில் அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவாகக் கற்றுக்கொண்டது. பணி கடினமானபோதோ, ஓர் அளவுக்கு மேல் அதிர்ச்சி கூடியதும் கற்றல் குறைந்தது. சிக்கலான வேலைக்கு மிதமான அழுத்தமே உகந்தது என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. நோயாளிக்கு மருந்தளவைக் கணக்கிடுவதும் கணக்கேட்டில் பிழை தேடுவதும் கடினமான பணிகள். அவற்றைச் செய்பவர்மீது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் திறமை கூடும் என்று எண்ணுவது அறிவியலுக்குப் புறம்பானது.

நம் கண்முன் நடந்த வெற்றிகளும் இதற்குச் சான்று. 2022 அக்டோபர் 23 அன்று, மெல்போர்னில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில், பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் தேவைப்பட்டன. காலுக்கு வெளியே வந்த அந்தப் பந்தை ரவிச்சந்திரன் அஸ்வின் தொடாமல் விட்டார். அது ‘வைடு’ ஆனது. அடுத்த பந்தில் ஆட்டம் முடிந்தது. உலகம் அதை ‘கூல்’ என்றது. பந்துவீச்சாளராகப் பல்லாயிரம் பந்துகளை வீசிப் பழகியவருக்கு அந்தப் பந்தின் போக்கு தெரிந்திருந்தது என்பதே மெய். 2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று, பதினெட்டு வயதில் உலக சதுரங்க வாகையர் ஆன குகேஷின் அமைதி வியக்கத்தக்கது. ஆனால், அவருக்குப் பின்னால் பயிற்சியாளர் குழு ஒன்று இருந்தது. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு பணியாற்றிய மனப்பயிற்சியாளர் பாடி அப்டன் அவருக்கும் துணை நின்றார். வென்ற மறுகணம் குகேஷ் பலகையின் முன்னாலேயே அழுதார். பனிக்கட்டி ஓடும் நாளங்கள் கொண்டவர்கள் அப்படி அழுவதில்லை.

மதுரைக்கு அருகே சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ ஒலிம்பிக் வரை ஓடிய ரேவதி வீரமணியின் வாழ்க்கை இதைவிடத் தெளிவான பாடம். சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். காலணி வாங்க வழியின்றி வெறுங்காலோடு ஓடிப் பழகியவர். 2021 ஜூலை 30 அன்று கலப்பு தொடர் ஓட்டத்தில் இந்திய அணிக்காக ஓடினார். அந்த அணி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை என்பதால் ‘கிளட்ச்’ என்ற சொல் அவருக்குக் கிடைக்காது. அவரைப் பற்றிய செய்திகள் அவருடைய மனவுறுதியையே பெரிதும் பேசின. நான் அதில் வேறு சிலரையும் பார்க்கிறேன். பேத்தியை ஓட அனுப்பிய பாட்டி, திறமையை அடையாளம் கண்ட பயிற்சியாளர், இடம் கொடுத்த கல்லூரி, வேலை கொடுத்த ரயில்வே துறை. இவர்களில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அந்த மனவுறுதி சக்கிமங்கலத்துக்கு வெளியே தெரிந்திருக்காது. வெறுங்காலில் ஓடியதைப் புகழ்ந்து எழுதுவது எளிது. அத்தனை ஆண்டுகளாக ஒரு ஜோடி காலணி ஏன் அவரை வந்து சேரவில்லை என்று கேட்பதே கடினம்.

கைதட்டலுக்குப் பின்: திடலிலிருந்து பணியிடத்துக்கு வருவோம். 2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று கைதட்டியது நினைவிருக்கும். மருத்துவர்களையும் செவிலியர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் முன்களப் போராளிகள் என்றோம். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்துசேரும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அந்த ஆண்டுகளில் எப்படித் திணறியது என்பதை இந்நகரம் அறியும். அந்த நெருக்கடிக் காலத்தில் தமிழ்நாடு முழுவதும் தற்காலிகமாகப் பணியமர்த்தப்பட்ட செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. அது நீட்டிக்கப்படவில்லை. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. பெருந்தொற்றில் நின்று விளையாடியவர்கள், பணிப் பாதுகாப்புக்காக மீண்டும் நிற்க வேண்டியிருந்தது.

மருத்துவர்களின் பணி நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பயிற்சியில் உள்ள முதுநிலை மருத்துவர்கள் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேலும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலும் சாதாரணமாகப் பணியாற்றக் கூடாது என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் 1992ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து அமைத்த பணிக்குழு 2024இல் அளித்த அறிக்கை, வாரத்துக்கு 74 மணி நேரத்தை மேல்வரம்பாகப் பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாம் அடைந்த ‘முன்னேற்றம்’, வரம்பில் 26 மணி நேரம் கூடியதுதான். நடைமுறை அதையும் தாண்டியிருந்ததால்தான் அந்தப் பரிந்துரையே ஒரு நிவாரணமாகத் தோன்றியது. தூக்கமின்றி 36 மணி நேரம் பணியாற்றும் இளம் மருத்துவரை ‘எதையும் சமாளிப்பார்’ என்று பாராட்டும் துறை, அவர் கையில் இருக்கும் நோயாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2024 செப்டம்பரில், ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பணியில் சேர்ந்த சில மாதங்களில் உயிரிழந்த இளம் பெண்ணின் தாயார் எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. பணிச்சுமையே காரணம் என்றார் தாய். நிறுவனம் அதை மறுத்தது. அந்த வேளையில், மதுரையில் பிறந்தவரான ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் ஒரு கல்வி நிறுவன விழாவில் பேசுகையில், எவ்வளவு அழுத்தம் வந்தாலும் அதைத் தாங்கும் உள்வலிமையைக் குடும்பங்கள் கற்றுத்தர வேண்டும், அந்த வலிமை இறைநம்பிக்கையிலிருந்து வரும் என்ற பொருளில் கருத்துரைத்தார். கடும் விமர்சனம் எழுந்ததும், மாணவர்களுக்குக் குடும்பமும் கல்வி நிறுவனங்களும் துணையாக இருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தியதாக விளக்கமளித்தார். அவருடைய நோக்கத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால், சுமையைக் குறைக்கும் அதிகாரம் உள்ளவர்கள் சுமப்பவரின் தோள்வலிமையைப் பற்றி மட்டும் பேசினால், கேட்பவர் மனம் புண்படுவது இயல்பு.

இது ஒருவரின் கருத்து மட்டுமன்று. இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, 2023 அக்டோபரில். 2025 ஜனவரியில் இன்னொரு பெருநிறுவனத் தலைவர் அதை 90 மணி நேரமாக உயர்த்திப் பேசினார். ஆனால், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக வெளியிட்ட மதிப்பீடு என்ன சொல்கிறது? வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் உழைத்ததன் விளைவாக, பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 7,45,000 பேர் இறந்தனர். எஃகு நரம்பு என்பது உவமை. உடலில் உள்ளவை வெறும் இரத்தக் குழாய்கள்.

எது நெருக்கடி?: உண்மையான நெருக்கடிகள் இல்லையா, அவற்றில் பதறாதவர்கள் தேவையில்லையா என்று கேட்கலாம். நிச்சயம் தேவை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தபோது, தீயணைப்புப் பணியாளர்களிடமும் ஆம்புலன்ஸ் ஊழியர்களிடமும் மருத்துவர்களிடமும் நாம் எதிர்பார்த்தது அந்தப் பதறாமையைத்தான். அத்தகையவர்களுக்கு எத்தனை புகழ்ச்சொல் சூட்டினாலும் தகும். ஆனால், அங்கும் விதியை மீறி எரிவாயு உருளை பெட்டிக்குள் எப்படி வந்தது என்ற கேள்வியைப் புகழுரை விழுங்கிவிடக் கூடாது.

இதற்கு மாறாக, கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாள் எதிர்பாராத நெருக்கடி அன்று. அது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட நாள். பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் தடைப்பட்டிருந்த விழா மீண்டும் நடந்த 2022 ஏப்ரல் 16 அன்று, கூட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். இத்தகைய நாள்களில் ‘காவல் துறையினர் சமாளித்துவிடுவார்கள்’, ‘மாநகராட்சிப் பணியாளர்கள் சமாளித்துவிடுவார்கள்’ என்று இருப்பது பாராட்டன்று. திட்டமிடலைத் தள்ளிப்போடுவதற்கான சாக்கு. முன்பே தெரிந்த சுமைக்கு ஆள் சேர்க்காமல் விட்டுவிட்டு, இருப்பவர் சுமந்ததும் பட்டம் சூட்டுவது, திறமையைப் போற்றுவது போன்ற தோற்றத்தில் நடக்கும் சுரண்டல்.

வான்வழிப் போக்குவரத்து இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்த துறை. 2009 ஜனவரி 15 அன்று, இரு எந்திரங்களும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய விமானி சல்லன்பர்கரை உலகமே வியந்தது. அந்தச் சில நிமிட அமைதிக்குப் பின்னால் பல்லாண்டுப் பயிற்சியும், துணை விமானியின் உழைப்பும், சரிபார்ப்புப் பட்டியல்களும் இருந்தன. நம் நாட்டில் விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உயர்த்தியதும் இந்த அறிவால்தான். புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த சில வாரங்களில், 2025 டிசம்பரில், போதிய விமானிகள் இல்லாமல் ஒரு பெரிய நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. அதற்குத் தற்காலிக விலக்கும் அளிக்கப்பட்டது. அதுவரை அந்தச் சேவை எவருடைய தூக்கத்தின் மீது ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்தது.

ஒரு முக்காலியின் மதிப்பு: நல்ல முன்மாதிரி வெகு தொலைவில் இல்லை. தீபாவளி நெருங்கும்போது விளக்குத்தூண் பகுதியிலும் தெற்கு மாசி வீதியிலும் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே சேலைகளை விரித்துக் காட்டும் பெண்களைக் காண்கிறோம். ‘எவ்வளவு பொறுமை’ என்று வியப்பது நம் வழக்கம். தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் 2018இலேயே இதற்கு வழிகாட்டியிருந்தது. பொறுமைக்குப் பாராட்டுப் பத்திரம் தருவதைவிட, உட்கார ஒரு முக்காலி தருவது மேலான மரியாதை. அச்சட்டம் ஒவ்வொரு கடையிலும் நடைமுறையில் உள்ளதா என்று தொழிலாளர் துறை தொடர்ந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளர்களாகிய நாமும் கேட்க வேண்டும். அதேபோல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தாங்கும் திறனைப் பற்றிப் பேசாமல் சுமையைப் பற்றிப் பேசியதால் கிடைத்த பயன் அது.

நம் மரபும் இதைத்தான் சொல்கிறது. துன்பத்தில் நிலைகுலையாமையைப் போற்றத் திருவள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பொருட்பாலின் அரசியல் பகுதியில் உள்ள இருபத்தைந்து அதிகாரங்களில் அது கடைசியாக நிற்கிறது. அதற்கு முன்னால் கல்வி, பெரியாரைத் துணைக்கோடல், வலியறிதல், காலமறிதல், தெரிந்துவினையாடல் என்று ஆயத்தங்கள் அனைத்தும் பேசப்பட்டுவிடுகின்றன. வலியறிதல் அதிகாரம், அளவுக்கு மீறி ஏற்றினால் மெல்லிய பொருளும் வண்டியை முறித்துவிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. மேலும், இவையெல்லாம் முதலில் ஆள்பவருக்குச் சொல்லப்பட்டவை. இடுக்கணில் அழியாத நெஞ்சம் அரசனுக்கு இருக்க வேண்டும். குடிமக்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று அவன் கணக்குப் போடுவதற்காக அது கூறப்படவில்லை.

செய்ய வேண்டியவை பெரிய சிக்கலானவை அல்ல. ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் மாவட்ட ஆட்சியர்கள் சிறப்பாகப் பணியாற்றிய ஊழியர்களுக்கு நற்சான்றிதழ் வழங்குகிறார்கள். அந்தப் பட்டியலோடு, அதே அலுவலகங்களில் நிரப்பப்படாமல் கிடக்கும் பணியிடங்களின் பட்டியலையும் வெளியிடட்டும். ஒருவர் எத்தனை பேரின் வேலையைச் செய்து அந்தச் சான்றிதழைப் பெற்றார் என்பது மக்களுக்குத் தெரியட்டும். அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர்களின் பணி நேரம் பதிவு செய்யப்பட்டு, வெளியார் தணிக்கைக்கு உட்படட்டும். அழுத்தத்தைத் தாங்கும் திறன் வேண்டும் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள், வேலை நேரம் எவ்வளவு, மிகைப்பணிக்கு ஊதியம் உண்டா என்பதையும் அதே விளம்பரத்தில் சொல்லட்டும்.

‘கிளட்ச்’ என்ற சொல்லின் இன்னொரு பொருள் நம் ஊர் ஓட்டுநர்கள் அனைவருக்கும் தெரிந்தது. மேடு ஏறவும் கியர் மாற்றவும் கிளட்ச் வேண்டும். ஆனால், மிதித்த காலை எடுக்காமலே ஓட்டிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்து, புகை வந்து, வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். அப்போது எந்த மெக்கானிக்கும் பிளேட்டைக் குறை சொல்வதில்லை, ஓட்டியவரைத்தான் கேட்பார். நம் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கடைகளிலும் ஒருவர் தேய்ந்து விழும்போது, அதே கேள்வியை அதே இடத்தில் கேட்கப் பழகிக்கொண்டால் போதும். ‘கூல்’ என்ற பட்டத்தை யாரும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வும், போதிய சக ஊழியர்களும், உட்கார ஓர் இருக்கையும் அனைவருக்கும் உரியவை.